கூற்றும் கேட்போரும்: ஒரு சப்பானியக் கதையும் இரு திரைப்படங்களும்

செய்யுள் உறுப்புகள் 34 என எண்ணிய தொல்காப்பியர், அவற்றுள் கூற்றினை ஓர் உறுப்பாகவும் கேட்போரை மற்றோர் உறுப்பாகவும் வைத்துள்ளார். பேசுவோன் ஒருவன் உளன் எனின் கேட்போன் ஒருவனும் உளன் என்பது சொல்லாமலே பெறப்படும்; அதனைத் தனியுறுப்பாக எண்ணுதல் மிகையன்றோ என ஐயுறுவார் உளர். அகப்பாடல் பயின்றார்க்கு இவ்வையம் நெடிது நில்லாது. தலைவன் சிறைப்புறத்தானாக, தோழி தலைவியை நோக்கிச் சொல்லுவாள் போலச் சொல்லும் பாட்டு எத்துணை! முகம் தலைவியை நோக்கியது. சொல் வேலிக்கு அப்பால் நிற்பானை நோக்கியது. அவன் அங்கு இலன் எனின் அப்பாட்டே பிறந்திராது. பரத்தையும் வாயில்களும் பேசும் பேச்சு, தலைவியைச் சுட்டி நிகழாவிடின் பயனற்றது என்று செய்யுளியல் கூறுவதும் இக்கருத்துப்பற்றியே. யார் பேசினார் என்பது மட்டுமன்று, யார் கேட்கப் பேசினார் என்பதும் பொருளைத் துணிவதற்கு இன்றியமையாதது என்பது தொல்காப்பியர் கொள்கை.

இக்கொள்கை அகத்திணைக்கு மட்டும் உரியதென ஒதுக்கிவைக்கத் தக்கதன்று. மாந்தரின் ஒழுக்கத்தையும் உள்ளத்தையும் பொய்யையும் ஆராயப் புகும் எந்தக் கலைக்கும் இது பொருந்தும் என்பதை ஒரு சப்பானியச் சிறுகதை, அதன்வழித் தோன்றிய சப்பானியத் திரைப்படம், அதன் தாக்கத்தால் உருவான தமிழ்த் திரைப்படம் ஆகிய மூன்றனைக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். திரைப்படத்தை இலக்கியத்தோடு ஒருங்குவைத்து ஆராயத் தயங்குவோர் நம் துறைகளில் இன்னும் உளர். நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாகக் கொண்ட மொழியினர்க்கு அத்தயக்கம் ஏன் வந்தது என்பது வேறோர் ஆராய்ச்சிக்கு உரியது.

கதையினை முதற்கண் நோக்குவோம். அகுதாகவா ரியூனோசுகே (1892 - 1927) என்பார் 1922ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘புதரினுள்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய சிறுகதை அது. அதன் கரு அவர் படைத்ததன்று. ‘கொஞ்சாக்கு மொனொகதாரி’ என்னும் பழங்கதைத் தொகுதியிலிருந்து எடுத்துக்கொண்டார். பழங்கதையில், மனைவியுடன் வழிச்செல்லும் ஒருவன் கள்வனொருவனது ஆசைச்சொல்லில் மயங்கித் தன் வில்லை அவன் வாளுக்கு மாற்றிக் கொள்கிறான். பின் மரத்தில் கட்டுண்டு, மனைவி கெடுக்கப்படுவதைக் கண்ணெதிரே காண்கிறான். கொலை ஏதும் நிகழவில்லை. கதை சொல்லி இறுதியில் முன்வந்து, முன்பின் அறியாதவனிடம் வில்லைக் கொடுத்த கணவனது பேதைமையைப் பழித்து முடிக்கிறான். நம் நாட்டு நீதிக்கதைகளின் போக்கும் ஏறத்தாழ இதுவே.

அகுதாகவா செய்த மாற்றங்கள் இரண்டு. கணவனை இறந்தவன் ஆக்கினார். கதை சொல்லியை அடியோடு நீக்கினார். எஞ்சியவை ஏழு கூற்றுகளே. விறகுவெட்டி, வழிப்போக்கனாகிய துறவி, காவலன், மணமகளின் தாய் ஆகிய நால்வரும் முறைமன்றத் தலைவன்முன் தாம் கண்டதையும் அறிந்ததையும் கூறுகின்றனர். அடுத்துக் கள்வன் தசோமாரு பேசுகிறான். அவன்பின் அப்பெண், இறுதியில், தெய்வமேறப்பெற்ற ஒருத்தியின் வாயிலாக இறந்த கணவன். இடையே ஆசிரியர் ஒரு சொல்லும் கூறுவதில்லை. முறைமன்றத் தலைவனும் பேசுவதில்லை. அவன் கேட்ட வினாக்களை விடைகளிலிருந்தே நாம் உய்த்துணர்கிறோம். தலைவி பேசத் தோழி வாளா கேட்கும் அகப்பாடலை ஒத்த அமைப்பு இது. சப்பானிய ஆசிரியர் தொல்காப்பியம் கற்றார் என்பதன்று நம் கருத்து. ஆசிரியன் விலகி நின்று மாந்தரைப் பேசவிடும் கலைமுறை எங்குத் தோன்றினும், கூற்றும் கேட்போரும் முதன்மை பெறுதல் இயல்பு என்பதே.

இக்கதையைப் பற்றி வழங்கும் கருத்தொன்றனைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கண்டனர். அவரவர் நோக்கில் அவரவர் கூற்று மெய்யே என்பது இதன் பொருள் எனப் பலரும் எழுதுகின்றனர். ‘ராஷோமான் விளைவு’ என்னும் தொடரும் இப்பொருளிலேயே சட்ட நூல்களிலும் சமூகவியல் நூல்களிலும் ஆளப்படுகிறது. கதையை ஊன்றிப் படிப்பார்க்கு இது பொருந்தாமை புலனாகும். கணவனை வாட்போரில் வென்று கொன்றவன் தானே என்கிறான் கள்வன். தன் கைக்கத்தியால் குத்திக் கொன்றவள் தானே என்கிறாள் மனைவி. தன்னைத் தானே குத்திக்கொண்டு மாய்ந்ததாகக் கூறுகிறான் கணவன். மூவரும் கொலையைத் தத்தமக்கே உரிமையாக்கிக் கொள்கின்றனர்! குற்றத்திலிருந்து தப்புதற்குப் பொய் கூறுவோரை உலகம் நன்கு அறியும். குற்றத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளுதற்குப் பொய் கூறுவோர் புதியர். பார்வை வேறுபாட்டினால் இது நிகழ்ந்திராது. எவ்வகை மானிடனாகத் தன்னைப் பிறர் நினைத்தல் வேண்டும் என்ற வேட்கையினாலேயே நிகழ்ந்தது.

அவ்வேட்கை யாரை நோக்கியது என்று வினவின் கேட்போரது இன்றியமையாமை விளங்கும். கள்வன் தூக்குமரம் தனக்கு உறுதி என அறிந்தே மன்றத்தில் நிற்கிறான். இனி அவனுக்கு எஞ்சியது பெயர் ஒன்றே. ஆதலின் தன் எதிரியை இழிந்த கோழையாக்காது, 23 முறை தன் வாளோடு வாள் மோதிய வீரனாக்குகிறான். வீரனைக் கொன்றவன் அவனினும் வீரன் ஆவான் அன்றோ? மனைவியின் கூற்றோ மன்றத்தில் நிகழ்ந்ததன்று. கியோமிசு கோயிலில், வாழ்வில் பற்றற்று வந்த ஒருத்தி தன் பிழையை வாய்விட்டுரைப்பதாக அது அமைந்துள்ளது. ஒறுக்கும் அரசன் முன் அவள் பேசவில்லை. அருளும் தெய்வத்தின் முன் பேசுகிறாள். கணவனது கண்ணில் தான் கண்ட இகழ்ச்சியைத் தாங்கலாற்றாது அவனைக் குத்தியதாகவும், பின் தானும் மாயமுயன்று மாட்டாதாளாகவும் கூறுகிறாள். இறந்தவனோ எவரையும் அஞ்ச வேண்டாதவன். ஆயினும் இறப்பின் பின்னும் மானத்தை விட்டானல்லன். தன் மனைவி தன்னைக் கொல்லுமாறு கள்வனை ஏவினாள் என்று உரைத்து, தன் சாவைத் தன் கையாலேயே முடித்துக் கொள்கிறான். மன்றத்திற்கு ஒன்று, தெய்வத்திற்கு ஒன்று, யாரென அறியப்படாத செவிக்கு ஒன்று என மூன்று கூற்றும் மூன்று வேறு கேட்போரை நோக்கி எழுந்தன. இவற்றை ஒரே நிறுவையில் இட்டு எது மெய் எனத் தேடுவது, தோழி கூற்றையும் பரத்தை கூற்றையும் செய்தியறிக்கைகளாகக் கொண்டு ஒப்பிடுவது போன்றதாம்.

கதையில் எச்சமாக நிற்பது ஒன்று உண்டு. உயிர் பிரியும் தறுவாயில் எவரோ அருகில் வந்து தன் மார்பிலிருந்த கத்தியை மெல்ல உருவினர் என்கிறான் கணவன். யார் அவர்? கதை கூறவில்லை. பிணத்தருகே கயிறும் சீப்பும் கண்டதாக மட்டும் விறகுவெட்டி முன்னமே கூறியிருக்கிறான். சிலப்பதிகார வழக்குரை காதையை இதனோடு வைத்து எண்ணுக. அங்கு வழக்கைத் தீர்த்தது கண்ணகியின் சொல்லன்று. உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மணி. கோவலனது கூற்றைக் கேளாமலே பொற்கொல்லன் கூற்றைக் கேட்டு முடிவு செய்த கேட்போனது பிழையை, பேசாத பொருளொன்று பேசித் திருத்தியது. அகுதாகவாவின் புதரிலோ அவ்வாறு பேசவல்ல பொருளாகிய கத்தியே காணாமற் போயிற்று. சொல் மட்டும் எஞ்சிய இடத்தில் நீதி யாங்ஙனம் அமையும்?

அகிரா குரோசவா இயக்கி 1950இல் வெளிவந்த ‘ராஷோமான்’ இக்கதையைத் திரைக்குக் கொணர்ந்தது. 1951இல் வெனிசுத் திரைப்பட விழாவில் தலைமைப் பரிசாகிய பொற்சிங்கத்தைப் பெற்றது. படத்தின் பெயர் அகுதாகவாவின் வேறொரு கதையினது. 1915இல் வெளியான அக்கதையில், வேலையிழந்த ஏவலாளன் ஒருவன் பாழடைந்த கோட்டை வாயிலில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறான்; பிணங்களின் தலைமயிரைப் பறிக்கும் கிழவியொருத்தியைக் கண்டு சினக்கிறான்; பசியால் செய்வது பழியாகாது என்னும் அவளது வாதத்தையே தனக்கும் கொண்டு அவள் ஆடையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். குரோசவா இவ்வாயிலையும் இம்மழையையும் எடுத்துக்கொண்டு, அங்கு விறகுவெட்டி, துறவி, ஊர்சுற்றி ஒருவன் ஆகிய மூவரை இருத்தினார். மன்றத்தில் பேசப்பட்டவை யாவும் இவ்வாயிலில் மீண்டும் பேசப்படுகின்றன. கேட்போர் இரட்டித்தனர் என்க.

மன்றக் காட்சிகளை அவர் அமைத்த முறை வியக்கற்பாலது. முறைமன்றத் தலைவன் படத்தில் தோன்றுவதே இல்லை. அவன் குரலும் கேட்பதில்லை. சான்றுரைப்போர் திறந்த முற்றத்தில் அமர்ந்து நம்மை நோக்கியே பேசுகின்றனர். அகுதாகவாவின் கதையில் உய்த்துணரப்பட்ட கேட்போனது இருக்கையில் இங்கு நாம் அமர்த்தப்பட்டோம். எழுத்திற்கு இயலாத ஒன்றைத் திரை செய்தது இவ்விடத்தில்தான். கதையைப் படிப்பவன் ஒளிந்து நின்று கேட்பவன். படத்தைக் காண்பவன் தீர்ப்புக் கூறக் கடமைப்பட்டவன். முன்னே பேசி முடித்த விறகுவெட்டியும் துறவியும் பின்புறத்தே சுவரோரம் அமர்ந்து, பிறர் கூற்றைக் கேட்டுக் கொண்டிருத்தலையும் நோக்குக. பேசினோரே கேட்போராகவும் நிற்கின்றனர்.

இம்மாற்றத்தால் விளைந்த நுண்ணிய வேறுபாடு ஒன்றனை ஆராய்வாளர் போதிய அளவு கருதினாரில்லை. கதையில் கோயிலில் பேசிய மனைவி, படத்தில் மன்ற முற்றத்திற்குக் கொண்டுவரப்படுகிறாள். கோயிலில் ‘நானே குத்தினேன்’ என்ற பொருள்பட ஐயமின்றி உரைத்தவள், மன்றத்தில் அங்ஙனம் உரைப்பதில்லை. கத்தியைக் கையில் ஏந்தியவாறே மயங்கி விழுந்ததாகவும், விழித்தபோது கணவன் மார்பில் அது பாய்ந்திருந்ததாகவும் கூறுகிறாள். குத்திய கணம் மயக்கத்துள் மறைந்துவிட்டது! திரைக்கதை எழுதியோர் இதனைக் கருதியே செய்தனர் என்று துணிந்து கூறல் அரிது. ஆயினும் கேட்போர் மாறியவுடன் கூற்றும் மாறிய தன்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தெய்வத்தினிடம் ஒளிக்க இயலாததை ஆடவர் இருந்து நடத்தும் மன்றத்தில் ஒரு பெண் ஒளிக்கவேண்டியவள் ஆகிறாள்.

அடுத்து, விறகுவெட்டியின் இரண்டாம் கூற்று. இது கதையில் இல்லாதது. மன்றத்தில் பிணத்தை மட்டுமே கண்டதாகக் கூறியவன், வாயிலில் ஊர்சுற்றி துருவித் துருவிக் கேட்டபின், நிகழ்ந்தது அனைத்தையும் கண்டதாக ஒப்புகிறான். அவன் காட்டும் வாட்போர் கள்வன் காட்டிய போர் அன்று. இருவரும் கைநடுங்கி, தடுக்கி விழுந்து, மண்ணில் தவழ்ந்து, மூச்சிரைத்துப் போரிடுகின்றனர். பெருமை பேசும் மூன்று கூற்றுகட்குப்பின் சிறுமை பேசும் இது வருதலின், இதுவே மெய்யெனக் கொள்வார் பலர். இஃது ஏற்புடைத்தன்று. ஊர்சுற்றி உடனே ஒரு வினாவை எழுப்புகிறான்: அந்தக் கத்தி எங்கே? விறகுவெட்டி வாயடைத்து நிற்கிறான். கதையில் எச்சமாக நின்ற கை யாருடையது என்பதற்குப் படம் கூறும் விடை இது. அவனும் ஒன்றனை மறைத்தவனே. ஆதலின் அவனது கூற்றும் மறைப்போடு கூடிய கூற்றே. மன்றத்தில் அஞ்சி மறைத்தவன், தீர்ப்பளிக்கும் உரிமையற்ற ஒருவன் முன்னர்த்தான் பாதியேனும் வாய்திறந்தான் என்பதே இங்கு உணரத்தக்கது.

படத்தின் இறுதியில் வாயிலில் கிடந்த குழந்தையின் ஆடையை ஊர்சுற்றி கவர்ந்து செல்ல, விறகுவெட்டி அக்குழந்தையைத் தன் ஆறு மக்களோடு ஏழாவதாக வளர்க்க எடுத்துச் செல்கிறான். மழை ஓய்கிறது. இம்முடிவு வலிந்து ஒட்டியது எனக் குறைகூறுவார் உளர். அக்குறை ஓரளவு மெய்யே. எனினும் 1915ஆம் ஆண்டுக் கதையின் முடிவோடு இதனை வைத்துக் காண்பது நன்று. அங்கு ஒருவன் பசியைக் காட்டி ஆடையைப் பறித்து ஓடினான். இங்கு ஊர்சுற்றி அதனையே செய்கிறான். திருடனாகிய விறகுவெட்டி அதனை மறுத்து வேறொன்று செய்கிறான். போரில் தோற்று ஐந்தாண்டும் நிரம்பாத ஒரு நாட்டில் எடுக்கப்பட்ட படம் என்பதை நினைவிற் கொண்டால், அக்குழந்தை எதற்கு வேண்டப்பட்டது என்பது ஒருவாறு விளங்கும்.

இனித் தமிழ்ப்படத்திற்கு வருவோம். 1952இல் இந்தியாவில் நிகழ்ந்த முதல் அனைத்துலகத் திரைப்பட விழாவில் ‘ராஷோமான்’ காட்டப்பெற்றது. 1954ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டில் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’, பின்னாளில் வீணைக்குப் பெயர்பெற்ற சு. பாலசந்தர் இயக்கியது, கதையும் உரையாடலும் ஜாவர் சீதாராமனுடையவை. பாட்டும் ஆட்டமும் இன்றித் தமிழில் ஒரு படம் எடுக்கலாம் என எண்ணுதற்கே அந்நாளில் துணிவு வேண்டும். கதை 1943 அக்டோபரில் சென்னைமீது சப்பானியர் குண்டு வீசிய நாளில் நிகழ்கிறது. சிவாஜி கணேசன் ஏற்ற இராசன் என்னும் வானொலிப் பொறியாளன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் ஒவ்வொருவராக வினவுகிறார். இறந்த ஒருவரைப் பலர் பலவாறு காட்டும் முறையில், 1950இல் வந்த ‘தி உமன் இன் கொஸ்டியன்’ என்னும் ஆங்கிலப் படத்தின் சாயலும் இதன்கண் உண்டு என்பர். அமைப்பினை நோக்கின் அது தகுதியான கருத்தே.

இங்குக் கேட்போன் மறைந்திருப்பவன் அல்லன். அவன் உடல் உண்டு, குரல் உண்டு, வீடெங்கும் நடக்கின்ற கால் உண்டு. அறிவு நுட்பமும் உண்டு. நாம் அமர்ந்திருந்த இருக்கையில் அரசாங்க அலுவலர் ஒருவர் வந்து அமர்ந்துவிட்டார். அவர் கண்டுபிடித்தவுடன் நாமும் அறிந்து கொள்வோம். கேட்போன் இங்ஙனம் ஆகியபோது கூற்றுகளும் தன்மை மாறின. புதரில் மூவரும் ‘நானே கொன்றேன்’ என்றனர். சென்னை வீட்டிலோ அண்டை வீட்டான், தம்பி, அவன் மனைவி, இராசனது காதற்கிழத்தி என ஒவ்வொருவரும் ‘அவரே கொன்றிருப்பர்’ எனப் பிறரைச் சுட்டுகின்றனர். காவல்துறையின் முன் நிற்பவன் பெருமையைக் காப்பதில்லை, கழுத்தைக் காக்கிறான். மெய்ம்மை வெளிப்படும் என்ற உறுதி உள்ள உலகில் பொய்யின் வடிவம் இதுவே. வழக்குரை காதையில் மணி தெறித்தது போல, இப்படத்திலும் உண்மை இறுதியில் தெறிக்கவே செய்கிறது. நம் காண்போர் அதனை எதிர்பார்த்திருத்தலும் இயல்பே.

உண்மையைக் கூறுபவள் மனைவி உஷா. தன் திறமை மதிக்கப்படாமையால் உள்ளம் கசந்த இராசன், நாட்டின் மறைச்செய்திகளைப் பகைவர்க்கு விற்கத் துணிந்தான் என்பதும், அவனைச் சாய்த்த குண்டு அவள் கைத்துப்பாக்கியினின்றே பாய்ந்தது என்பதும் அவள் வாயிலாகவே தெரியவருகின்றன. பண்டரிபாயின் நடிப்பில் இப்பகுதி மிகச் சிறந்தது. ஆயினும் ஒன்று கூறவேண்டும். அறிவுடைய இளைஞன் ஒருவனை நாடு புறக்கணித்தல் எவ்வகைத் தீமையில் முடியும் என்ற வினா, இப்படத்தின்கண் உள்ள வினாக்களுள் ஆழமானது. சப்பானியப் படத்தில் இதற்கு நிகரான சமுதாய வினா ஒன்றும் இல்லை. அதனைப் படம் எழுப்பிய விரைவிலேயே மூடிவிடுகிறது; நாட்டுப்பற்று என்னும் பெருஞ்சொல் வந்து மற்றவற்றை மறைத்துக் கொள்கிறது. இறந்த கணவன் புதர்க்கதையில் தெய்வமேறியவள் வாயிலாகத் தனக்காகத் தானே பேசினான். இராசனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவன் கசப்பை உஷாவின் கூற்றினுள்ளே மட்டும் கேட்கிறோம். அவளோ அவனைச் சாய்த்தவள்.

பிறர் கூற்றினுள் மட்டும் பேசப்படும் இந்நிலைக்குத் தொல்காப்பியத்தில் பெயர் உண்டு. களவில் அறுவர்க்கும் கற்பில் பன்னிருவர்க்கும் கூற்றுரிமை வகுத்த செய்யுளியல், ஊரார், அயலார், சேரியோர், தலைவியின் தந்தை, தன்னையர் முதலியோர்க்கு அவ்வுரிமை வழங்கவில்லை. அவர்கள் சொன்னதாகப் பிறர் கொண்டெடுத்து மொழிதலே உண்டு. தலைவியின் காதலை அடக்கும் வலிமை பெற்ற ஆடவர்க்கே அகப்பாடலில் நேர்ப்பேச்சு இல்லை என்பது எண்ணத்தக்கது. அகவுலகின் அறம் அவ்விலக்கினுள் அடங்கிக் கிடக்கிறது.

இவ்வளவுகோலைக் கொண்டு அளக்கத்தக்க அண்மைப் படம் கமல்ஹாசன் எழுதி இயக்கி 2004இல் வெளிவந்த ‘விருமாண்டி’. மரணதண்டனை பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் ஒரு பெண்மணியிடம், சிறையிலிருக்கும் கொத்தாளத் தேவரும் விருமாண்டியும் நடந்தவற்றைத் தனித்தனியே கூறுகின்றனர். கேட்போர் இங்கு நீதிபதியும் அல்லர், காவலரும் அல்லர். படப்பிடிப்புக் கருவியோடு வந்தவர். இருவர் கூற்றுக்கும் நடுவே நிற்பவள் அன்னலட்சுமி. ஒருவர் கூற்றில் அவள் வலிந்து கொண்டுசெல்லப்பட்டவள். மற்றவர் கூற்றில் விரும்பி உடன்போனவள். உடன்போக்குப் பாடல்களில் தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி புலம்புவாள், வழியிற் கண்டோரும் பேசுவர். அன்னலட்சுமியோ படம் தொடங்கும் முன்னரே இறந்துவிட்டாள். அவளுக்காகத் தெய்வமேறப் பெறுவார் எவரும் இலர். கருவி இரு ஆடவர் பேச்சைப் பதிவு செய்துகொள்கிறது. தந்தைக்கும் தன்னையர்க்கும் உரியதாகத் தொல்காப்பியர் வகுத்த இடத்தில் அவள் நிற்கிறாள்.